மூன்றில் ஒன்று பொய்

ஜூன் 2, மாலை

அன்புள்ள ஹாரனுக்கு,

இன்றைக்கு உனக்குக் கடிதம் எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று கேட்பாய். இல்லைதான். மன்னித்துக்கொள். காலையில் மருந்துக்கடை முனையில் உன்னைக் காக்க வைத்துவிட்டு, மாலையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் அட்டவணைப்படி ஐந்தாம் தேதி, வழியில் முதலாவது தபால் நிலையத்துக்குப் போய்ச் சேருவாய். இது உனக்கு முன்னாலேயே அங்கே போய்க் காத்திருக்கும். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் உன் இஷ்டம்.

நேற்று ஐந்து மணிக்குக் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். மறுகூட்டல் விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன, பரீட்சைப் பிரிவில் யாருக்கும் விடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். உடனே உன் அக்கா வீட்டுக்கு ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். பைகளை எல்லாம் கட்டி வைத்துவிட்டு நீ உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். கால் நகரவில்லை.

இருபத்து நான்கு நாள், சைக்கிளில் எண்ணூறு கிலோமீட்டர். துறைமுக ஊரில் உன் புது மருத்துவமனையின் வாசலில் உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. இனி நீ அங்கே, நான் இங்கே என்று ஆகிவிட்ட பிறகு, நமக்கென்று இருந்தது இந்த இருபத்து நான்கு நாள்தான். அதையும் நான் கெடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கலாமா? விடுதி அறையில் தினமும் படுக்கும் முன் விளையாடுவோமே, அதைக் கடிதத்தில் தொடரலாமா? அன்று பார்த்ததில் மூன்று. அதில் ஒன்று பொய். எது என்று மற்றவள் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் பொய் கூடாது என்று விதி போட்டவள் நீ. என் பங்குக்கு அலுவலக ஜன்னலிலிருந்து இதோ:

ஒன்று: கண்காணிப்பாளர் விரிக்காமல் வைத்திருந்த குடையில் எலி குட்டி போட்டிருக்கிறது. அவர் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

இரண்டு: எதிர்க் கட்டடத்துக்கு வண்ணம் அடிக்கிற இருவருக்கும் சண்டை. ஆளுக்குப் பாதிச் சுவர். பச்சையில் இரண்டு பச்சை.

மூன்று: ஒரு மாணவனுக்கு நூற்றுக்கு நூற்றொன்று போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் கையெழுத்துப் போட்டும் யாரும் பார்க்கவில்லை.

பதிலை அலுவலகத்துக்கு அனுப்பாதே, பிரித்துப் படித்துவிடுவார்கள். என் அறை முகவரிக்கே அனுப்பு.

பல்லி

*

ஜூன் 5

அடியே பல்லி,

ஐம்பது நிமிஷம்! பால் வண்டிக்காரர் இரண்டு தடவை என்னைக் கடந்து போனார். இரண்டாவது தடவை வண்டியை நிறுத்தி, "யாரும்மா வரணும்? வரமாட்டாங்க போல இருக்கே" என்று ஆறுதல் வேறு. அந்த மனுஷன் முகத்தில் இருந்த பரிதாபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வராமல் போனவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

உன் கண்காணிப்பாளர் என் வார்டுக்கு ஒரு நாள் வரட்டும். இருக்கிறதிலேயே மழுங்கின ஊசியை அவருக்கென்று எடுத்து வைக்கிறேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறதுடி. ஒரு வார்த்தை முதல் நாளே வந்து சொல்லியிருந்தால் கூடாரத்தை நான் ஒருத்தியே சுமந்திருக்க மாட்டேன். சரி, போகட்டும்.

கிளம்பின அன்று மதியம் உன் அட்டவணையைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். தண்ணீர் எங்கே கிடைக்கும், பஞ்சர் கடை எங்கே, மேடு எங்கே என்று பச்சை மையில் குட்டிக் குட்டியாக எழுதியிருக்கிறாயே, மனசு வரவில்லை. ஆனால் ஒன்று. நீ "சிறு மேடு" என்று எழுதியிருக்கிற இடத்தில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி, மேலே போய் மல்லாக்கப் படுத்துவிட்டேன். தாயே, வரைபடத்தில் சிறிதாக இருந்தால் மேடு சிறிதாகிவிடுமா?

உன் மூன்றில் நூற்றொன்றுதான் பொய். நீ உட்கார்ந்திருக்கிற ஆபீஸில் அப்படி ஒரு தப்பு கதவைத் தாண்டுமா?

இப்போது என்னுடையது.

ஒன்று: சோளக்காட்டில் ஒரு பொம்மைக்குப் போலீஸ் தொப்பி வைத்திருக்கிறார்கள். தொப்பிமேல் ஒரு காக்கை. "பறவை பயப்படுதா?" என்று கேட்டேன். "இல்லம்மா, லாரிக்காரங்க பயப்படுறாங்க. புழுதி குறைஞ்சிருக்கு" என்றார் காட்டுக்காரர்.

இரண்டு: ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றேன். கேட்காரர் என் சைக்கிள் கண்ணாடியைப் பார்த்து முகச் சவரம் செய்து முடித்த பிறகுதான் கேட்டைத் திறந்தார்.

மூன்று: ஒரு பள்ளிக்கூடச் சுவர்மேல் வரிசையாகப் பிள்ளைகள். "அக்கா, சக்கரம் சுத்துது! சக்கரம் சுத்துது!" என்று கத்தினார்கள். நானும் ஒரு நொடி குனிந்து பார்த்துவிட்டேன். தூ.

பக்கத்தில் ஆள் இருக்கிற நினைப்பிலேயே கத்திப் பேசிக்கொண்டு போகிறேன். மாடுகள் திரும்பிப் பார்க்கின்றன.

ஹாரன்

*

ஜூன் 8

அன்புள்ள ஹாரனுக்கு,

நீ திட்டினது நிம்மதியாக இருந்தது. திட்டாமல் எழுதியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

இரண்டாவதுதான் பொய். உன் சைக்கிளில் கண்ணாடியே கிடையாது. ஏப்ரல் மாதம் நீயே கழற்றிப் போட்டாய். "பின்னாடி வர்றவங்களை நான் எதுக்குப் பாக்கணும், அவங்கதான் என்னைப் பாக்கணும்" என்று சொன்னாய். தினமும் மதிப்பெண் பட்டியல் பார்க்கிறவளிடம் வந்து கண்ணாடி விற்கிறாயா?

குனிந்து சக்கரத்தைப் பார்த்தாய் என்று படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். நான் வந்திருந்தால் நானும் குனிந்திருப்பேன். நீ என்னைக் கேலி செய்தே அடுத்த ஊர் வரை வந்திருப்பாய்.

மேட்டுக்கு மன்னிப்பு. நூலகத்துப் படத்தில் அந்த இடம் ஒரு நகக்கணு அளவுதான் இருந்தது. இனி வரும் "சிறு" எல்லாவற்றையும் "பெரு" என்று படித்துக்கொள்.

ஒன்று: எங்கள் தெருத் தையற்காரர் என் ரவிக்கையைக் கடைக்கண்ணாடியில் தொங்கவிட்டிருக்கிறார், அவர் தைத்ததிலேயே அது ஒன்றுதான் அளவு சரியாக வந்ததாம். கேட்டால் தர மறுக்கிறார்.

இரண்டு: புதிதாக வந்த தட்டச்சுக்காரி, எண்களைச் சத்தமாகப் படிக்கும்போது ஏழு வந்தால் மட்டும் தும்முகிறாள்.

மூன்று: கண்காணிப்பாளர் நம் அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்கி, சுவரில் உள்ள படத்தில் நம் வழி நெடுகக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். ஊருக்கெல்லாம் சொல்லுவாய், நீ கட்டமாட்டாய்.

பல்லி

*

ஜூன் 11

பல்லி,

மூன்றாவதுதான் பொய். பெற்ற பிள்ளை எந்த வகுப்பு என்று தெரியாத மனுஷன், நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று குண்டூசி குத்துவாரா? போடி.

சுருக்கமாக எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போடுகிறேன், பதின்மூன்றாம் தேதி உனக்குக் கிடைத்துவிடும்.

ஒன்று: படகில் ஆற்றைத் தாண்டும்போது ஒருவர் தலையில் ஒரு கதவைச் சுமந்துகொண்டு நின்றார். கதவில் வீட்டு எண், அழைப்பு மணி எல்லாம் இருந்தது. "வீடு எங்கண்ணே?" என்றேன். "பின்னாடி வருது" என்றார்.

இரண்டு: பேண்டு வாத்தியக்காரர்களின் பஸ் மேட்டில் நின்றுவிட்டது. தள்ள ஆள் சேர்ப்பதற்காக ரோட்டில் இறங்கி வாசித்தார்கள். நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கூட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது, பஸ்ஸைத் தள்ள ஒருவரும் இல்லை.

மூன்று: நேற்று, நீ "சிறு இறக்கம்" என்று எழுதியிருந்த இடத்தில் விழுந்தேன். இடது முட்டி வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு லாட்ஜில் படுத்திருக்கிறேன். பதினாறாம் தேதி வரை இங்கேதான். உங்கள் ஊர் பஸ் காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் வருகிறது. இரண்டே நாள் லீவு கேட்டுப் பார்க்கிறாயா? சைக்கிள் வேண்டாம். நீ மட்டும் வந்தால் போதும்.

ஹாரன்

*

ஜூன் 13

அன்புள்ள ஹாரனுக்கு,

மூன்றாவதுதான் பொய்.

ஆனால் நடிப்புக்கு முழு மதிப்பெண் தரலாம். எழுத்தைக்கூடச் சாய்த்து எழுதியிருக்கிறாய், படுத்துக்கொண்டு எழுதுகிறவள் மாதிரி. கொஞ்சம் நம்பித்தான் போனேன். பிறகு வரி வரியாகச் சரிபார்த்தேன். நீ விழுகிறவள் இல்லை. விழுந்தாலும் எழுந்து ரோட்டைத் திட்டிவிட்டுப் போகிறவள். எல்லாவற்றையும்விட, "வா" என்று கூப்பிடுகிறவள் இல்லை. மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். காய்ச்சலில் கிடந்தபோதுகூட என்னிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை, நீயே எழுந்து போய்க் குடித்தாய். அங்கேதான் மாட்டிக்கொண்டாய்.

பூசணிக்காயாம்! முருங்கைக்காய் மாதிரி காலை வைத்துக்கொண்டு.

இங்கே வேலை கழுத்துவரை இருக்கிறது. தலை தூக்க நேரமில்லை. என் மூன்றை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தட்டச்சுக்காரி இன்றும் தும்மினாள்.

கதவு சுமந்தவரை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் உண்மையாக இருக்கட்டும்.

பல்லி

*

ஜூன் 17

பல்லிக்கு,

கதவுக்காரர்தான் பொய். அவரை லாட்ஜில் படுத்துக்கொண்டே யோசித்தேன், உன்னைச் சிரிக்க வைக்க.

பன்னிரண்டாம் தேதியிலிருந்தே பஸ் பார்த்தேன். உனக்குக் கடிதமே கிடைத்திருக்காது என்று தெரியும், இருந்தும் பார்த்தேன். லாட்ஜ்காரம்மா எனக்காக ஜன்னல் பக்கம் கட்டிலை நகர்த்திப் போட்டார். பதினொரு மணி பஸ்ஸில் யார் இறங்கினாலும் எனக்கு முன்னால் அவரே, "இதுவா? நீலப் புடவை?" என்று கேட்பார். "இல்லம்மா, அவ இவ்வளவு வேகமா இறங்கமாட்டா" என்பேன். பதினாறாம் தேதி காலை உன் கடிதம் வந்தது. அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். "எப்ப வர்றாங்களாம்?" என்றார்.

"முழு மதிப்பெண் வாங்கியிருக்கேன்மா" என்று சொன்னேன்.

கோபம் வரவில்லை. விளையாட்டில் வைத்துச் சொன்னது என் தப்பு என்றுதான் நினைத்தேன். நேராகக் கேட்க எனக்கு வராது, உனக்கே தெரியும், நீயே எழுதியிருக்கிறாய். அதனால் நேராகச் சொல்லிவிடலாம் என்று, இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, மருந்துக்கடைத் தொலைபேசியிலிருந்து உன் ஆபீஸுக்குப் பேசினேன். உங்கள் கடைநிலை ஊழியர் எடுத்தார்.

"அந்தப் பொண்ணா? அது ஊர்லயே இல்லம்மா. ஒண்ணாந்தேதியிலேருந்து லீவு. சைக்கிள்ல போயிருக்கு."

"சைக்கிள்லயா? யார் கூட?"

"யாரோ நர்ஸ் சிநேகிதி கூடவாம். எங்க சார் படத்துல தினம் குண்டூசியை நகர்த்துறாரு. இன்னிக்கு ஆத்தைத் தாண்டியிருக்கணும். எங்க ஆபீஸ்லேருந்து இப்படி ஒரு பொண்ணான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு. நீங்க யாரும்மா பேசறது?"

நான் யார் என்று என்னால் சொல்ல முடியவில்லைடி. வைத்துவிட்டேன்.

ஆக, குண்டூசி உண்மை. குடை, எலி, இரண்டு பச்சை, நூற்றொன்று, தும்மல்? எதையும் பார்க்கிற இடத்தில் நீ இல்லை. ஒன்றுதான் பொய் என்பது விதி. அந்த ஒரு விதியை வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷம் நீ சொன்னதை எல்லாம் நான் நம்பினேன்.

ஏன் என்று கேட்கப்போவதில்லை. நீ ஒரு காரணம் சொல்லுவாய், அதில் எது என்று நான் தேட வேண்டியிருக்கும்.

முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறது. ஆறு வாரம். துறைமுக ஊர் மேட்ரனிடம் பேசினேன். நிற்க முடியாதவளை வார்டில் போட முடியாதாம், அந்த இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். மருந்துக் கிடங்கில் உட்கார்ந்து பெட்டி எண்ணுகிற வேலை இருக்கிறதாம். ஒத்துக்கொண்டேன். இனி நோயாளிகள் என் தொண்டையிலிருந்து தப்பித்தார்கள்.

நாளை ஒரு லாரியில் என்னையும் சைக்கிளையும் ஏற்றிவிடுகிறார்கள். மிச்சமிருக்கிற தபால் நிலையங்களுக்கு எழுதாதே. அங்கெல்லாம் நான் இறங்கப்போவதில்லை. துறைமுக ஊருக்கும் எழுத வேண்டாம்.

*

ஜூன் 20

ஹாரன்,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். மருத்துவமனை மருந்துக் கிடங்கு என்று முகவரி போட்டிருக்கிறேன். இதில் மூன்று இல்லை. விளையாட்டும் இல்லை.

மார்ச் மாதம் பயிற்சி ஆரம்பித்தோமே, உனக்குக் காலைப் பணி, எனக்குக் காலையில் சைக்கிள் ஓட்டம். தினமும் எத்தனை கிலோமீட்டர் என்று நீ கேட்பாய். மூன்றாம் நாள், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினதும் ஒரு லாரி என் கைப்பிடியை உரசிக்கொண்டு போனது. விழவில்லை. அடிபடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பின்னால் ஒரு வண்டிச் சத்தம் கேட்டால் என் கை இரண்டும் மரத்துப்போகும், இறங்கிவிடுவேன். தினமும் சைக்கிளைப் பூங்காவரை தள்ளிக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். உன்னிடம் இருபது என்றேன், முப்பது என்றேன், வழியில் பார்த்ததாக என்னென்னவோ சொன்னேன். மே மாதம் நாற்பது என்று சொன்னபோது நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்பா மூட்டை தூக்குகிறவர், உனக்குத் தெரியும். விடுதியிலிருந்து வாராவாரம் வீட்டுக்கு எழுதினேன். எல்லாக் கடிதத்திலும் ஒரே வரிதான்: நலம், நன்றாகப் படிக்கிறேன். முதல் பருவத்தில் இரண்டு பாடத்தில் தோற்றேன். இன்றுவரை அப்பாவுக்குத் தெரியாது. எனக்கு முடியவில்லை என்று நான் சொன்னால், எனக்குப் பின்னால் நிற்கிற இரண்டு தங்கைகளையும் வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் அவர்களோடு நின்றிருக்க வேண்டும். உன்னிடமும் அதையே செய்தேன். நீ யாரையும் எதிலிருந்தும் நிறுத்துகிறவள் இல்லை என்று தெரிந்தும் செய்தேன்.

இரண்டாம் தேதி காலை நான் வந்தேன். பைகளைக் கட்டிக்கொண்டு, நீ வருவதற்கு முன்பே வந்துவிட்டேன். எதிரில் தையற்கடைப் படிக்கட்டில் நின்றிருந்தேன். நீ வந்து சைக்கிளைச் சாய்த்தாய். ஒரு பாட்டிலை எடுத்துக் குடித்தாய். எனக்கென்று கொண்டுவந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாய். பால் வண்டிக்காரர் நின்றதைப் பார்த்தேன், அவர் பேசியது கேட்டது. பன்னிரண்டு அடி ரோடு. கடக்கவில்லை. நீ கிளம்பிப் போன பிறகு, நீ நின்ற இடத்தில் போய் நின்றேன்.

லீவு கிடைத்திருந்தது. கண்காணிப்பாளர் எழுந்து நின்று கை கொடுத்தார். அலுவலகத்துக்குப் போக முகமில்லாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இந்த அறையில்தான் இருந்தேன். வீட்டுக்கார அம்மாவிடம் காய்ச்சல் என்று சொன்னேன். எலி இல்லை, பச்சை இல்லை, தட்டச்சுக்காரி என்று ஒருத்தியே இல்லை. உன் கடிதத்துக்காகப் படியில் உட்கார்ந்திருந்ததுதான் இங்கே உண்மையாக நடந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடித்தால் இந்தக் கடிதமும் அவற்றோடு சேர்ந்துவிடும்.

நீ விழுந்தது உண்மை என்று எனக்குத் தெரியும். படித்த உடனேயே தெரியும். உன் எழுத்து எப்படிச் சாயும், எங்கே அழுத்தும் என்று எனக்குத் தெரியாதா? தினமும் ஆயிரம் கையெழுத்துப் பார்க்கிறவள். பூசணிக்காய் என்ற இடத்தில் பேனா இரண்டு தடவை நின்றிருந்தது. நீ என்னை வா என்று கூப்பிட்டதே இல்லை என்று எழுதினேனே, அதனாலேயே அது உண்மை என்று தெரிந்தது. அன்று மதியம் பஸ் நிலையம் வரை போனேன். பையில் கட்டுத்துணியும் தைலமும்கூட இருந்தன. வந்தால், எப்படி வந்தாய், லீவு யார் கொடுத்தார் என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்து பஸ்ஸை விட்டேன். திரும்பி வந்து, மூன்றாவதுதான் பொய் என்று எழுதினேன். முருங்கைக்காய் என்று கேலியும் செய்தேன். நீ அங்கே கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு படுத்திருந்தாய்.

நேற்று அலுவலகம் போய் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்க் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி டப்பாவில் போட்டார். கடைசி ஊசியைப் பிடுங்கும்போது, "அந்தப் பொண்ணு தனியாவா போச்சு?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. பழையபடி எழுதச் சொல்லவில்லை. உன் அக்காவிடம் கேட்டால் விவரம் கிடைக்கும், ஆனால் அது சுற்றுவழி. சுற்றுவழியில் இனி எதையும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இருக்கிறேன். அதனால் நேராக உன்னிடமே கேட்கிறேன், முதல் வரியிலிருந்து கேட்கப் பயந்துகொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். ஒரு அட்டையில் ஒரே ஒரு வரி எழுது. பெயர் போட வேண்டாம், என் பெயரும் வேண்டாம்.

முட்டி இப்போது எப்படி இருக்கிறது?